பென்னாகரம் ரோடு புளியமரத்தடி ஒர்க்‌ஷாப்: என் 2003 மாருதி ஜென் காருக்குக் காய்ச்சல் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு ஸ்டார். பிடித்துக்கொண்ட ஒரு ஸ்டார் எதற்கென்று பின்னால் வரும்.

கடைக்குப் போர்டு கிடையாது. தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து பென்னாகரம் ரோட்டில் போனால் இடது கைப்பக்கம் ஒரு பெரிய புளியமரம் வரும். அதன் கீழே தகரக் கொட்டகை, நாலைந்து பழைய வண்டிகள், ஒரு டீக்கடை. "பாய் ஒர்க்‌ஷாப்" என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். "புளியமரத்து பாய்" என்று கேளுங்கள். உட்கார இடம் என்றால் ஆம்னி வேனிலிருந்து கழற்றிப் போட்ட பின்சீட்டு ஒன்று. அதன் ஸ்பிரிங் எந்த இடத்தில் குத்தும் என்று இப்போது எனக்கு மனப்பாடம்.

வண்டி அப்பாவுடையது. 2003-ல் அவர் ரிட்டயர்டு ஆன பணத்தில் வாங்கிய வெள்ளி நிற ஜென், 993 சிசி பெட்ரோல். மாருதி 2006-லேயே அந்த மாடலை நிறுத்திவிட்டது. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. விற்க மனசில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். எனக்கு ஓட்டத் தெரிந்த வண்டி அது ஒன்றுதான் என்பது மீதி. காரிமங்கலம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். தினம் போய்வர, மாதம் இரண்டு ஞாயிறு சேலத்தில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்க, இதுதான்.

போன ஐப்பசியில் தொடங்கியது தொல்லை. டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அது மெல்ல முக்கால் வரைக்கும் ஏற ஆரம்பித்தது. காட்டிய முதல் இடத்தில் பானட்டைத் திறந்து ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "ஃபேன் லேட்டா சுத்துது" என்று சொல்லி ஃபேனை டைரக்ட் பண்ணிக் கொடுத்தார்கள். அதாவது சூட்டை உணர்ந்து ஃபேனைப் போடும் ஸ்விட்சை ஒதுக்கிவிட்டு, சாவி போட்டாலே ஃபேன் ஓடுகிற மாதிரி ஒயரை நேராக இழுத்துவிடுவது. நாலு ரோடு சிக்னலில் அரைமணி நின்றாலும் முள் அசையாது. ஆனால் ஹைவேயில் எண்பதில் போனால் ஏறும்.

தையில் இரண்டாவது இடம். "தெர்மோஸ்டாட்டெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு மேடம், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" என்று சொல்லி, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை அதை ஆறவைக்கிற ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் அந்த வால்வைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து காலையில் வண்டி சூடாகவே பத்து கிலோமீட்டர் ஆனது, பதினாறு கொடுத்த மைலேஜ் பன்னிரண்டுக்கு வந்தது. ஹைவேயில் மட்டும் முள் பழையபடி ஏறியது. இந்த இரண்டு இடத்திலும் இன்னொரு விஷயம் நடந்தது. கேள்வி கேட்டது நான். பதில் போனது பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது.

வைகாசியில் வெடித்தது. சேலத்திலிருந்து திரும்புகிறோம், நானும் பையனும். தொப்பூர் கணவாய் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சேலம் போகும்போது இறங்குகிற இறக்கமும் லாரி விபத்துகளும்தான். திரும்பி வரும்போது அதே மலை நமக்கு ஏற்றம். மத்தியானம் இரண்டு மணி, ஏசி ஓடுகிறது, முன்னால் கல் ஏற்றிய லாரி, அதன் பின்னாலேயே மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டு வருகிறேன். இரட்டைப்பாலம் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி நிறுத்தவும் பானட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று வரவும் சரியாக இருந்தது.

நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். இத்தனைக்கும் பிரஷர் குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று வருஷாவருஷம் போர்டில் படம் போட்டுப் பாடம் எடுக்கிறவள். பின்னால் நிறுத்தியிருந்த நாமக்கல் லாரியின் டிரைவர் ஓடிவந்து, "அக்கா, மூடியத் தொடாதீங்க, மூஞ்சி வெந்துரும்!" என்று கத்தியதால் தப்பித்தேன். உள்ளே இருக்கிற தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலே போயிருக்கும், அழுத்தத்தில் இருப்பதால்தான் கொதிக்காமல் இருக்கிறது, மூடியைத் திறந்த அந்த நொடியில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகி, கொதிநீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கும். தெரிந்த பாடம்தான், பதற்றத்தில் கைக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அவர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தோம். பையன் நடந்த எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது திட்டினேன். பின்னால் அது உதவியது.

மூன்றாவதாகக் கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின் எல்லாம் இருந்த பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனோம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கிற சீல்) போயிருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்க்க வேண்டும், எஸ்டிமேட் 22,000. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஓவர்ஹீட் ஆனாலே அதுதான் மேம், பழைய வண்டி" என்றார் அந்தத் தம்பி. ஆள் தப்பில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வண்டியை அவர் ஸ்டார்ட்கூடச் செய்து பார்க்கவில்லை.

எங்கள் பள்ளி சத்துணவு அமைப்பாளர் அக்காதான் புளியமரத்தைச் சொன்னது. "என் தம்பி ஆம்னிய அங்கதான் விடறான் டீச்சர். மனுசன் லேட்டு பண்ணுவாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு." இந்த ரிவியூவை இரண்டே வரியில் முடித்திருக்கலாம் என்றால் அக்கா சொன்ன இந்த இரண்டையும் போட்டிருப்பேன்.

பாய்க்கு அறுபது வயதிருக்கும். பனியன், லுங்கி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பானட்டைத் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"டீச்சரம்மா, எப்ப சூடாகுது? ஓடறப்பவா, நிக்கறப்பவா?"

"ஓடும்போதுதான் பாய். நின்னா இறங்கிடுது."

"ஏசி போட்டாலா, போடாட்டியுமா? மேடா, சமமா? எத்தனை கிலோமீட்டர் போனப்புறம்? தண்ணி குறையுதா? குறையுதுன்னா எங்கயாச்சும் ஒழுகின தடம் இருக்கா? சைலன்சர்ல வெள்ளப் பொகை வருதா? ஆயில் ஸ்டிக்ல பால் ஊத்துன மாதிரி இருக்கா?"

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார், டாக்டர் கேட்பதைப் போல. எட்டு மாசத்தில் மூன்று இடம் போயிருக்கிறேன், "எப்போ" என்று ஒருவரும் கேட்கவில்லை. நிற்கும்போது சூடானால் ஃபேனைச் சந்தேகப்படணும் என்றார். நிற்கிற வண்டிக்குக் காற்றே ஃபேன்தான். எண்பதில் ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று. அப்போது சூடானால் காற்றில் குறை இல்லை, தண்ணீர் ஓட்டத்தில் குறை. ஒன்று பம்ப் தள்ளவில்லை, அல்லது ரேடியேட்டர் விடவில்லை, அல்லது ஹெட்டிலிருந்து புகை தண்ணீருக்குள் கலக்கிறது. இதுதான் நான் அந்த இடத்துக்கு நாலு ஸ்டார் கொடுக்க முதல் காரணம். ஸ்பேனரை எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருந்தது.

பையன் எடுத்த வீடியோவை மூன்று முறை பார்த்தார். ஆவி மூடிப் பக்கமிருந்தும் ஓவர்ஃப்ளோ பாட்டிலிலிருந்தும் வந்தது, சைலன்சரில் ஒன்றும் இல்லை. "படிச்ச புள்ள" என்று அவனுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பென்னாகரம் ரோட்டிலேயே இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். ஏசி போட்டு, அணைத்து, எழுபதில், தொண்ணூறில். திரும்பி வந்ததும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பானட்டைத் திறந்து ஒரு டெம்பரேச்சர் கன் எடுத்தார். கொரோனா சமயத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அதன் அண்ணன். "அது காய்ச்சலுக்கு, இது 400 டிகிரி வரைக்கும் காட்டும்" என்று சிரித்தார். மேல் ஹோஸ் பைப்பில் 98. ரேடியேட்டரின் ஓரங்களில் எண்பதை ஒட்டி. நடுவில் ஒரு கை அகலத்துக்கு 46, 48, 45. சூடான தண்ணீர் ஓடுகிற இடமாக இருந்தால் அங்கே மட்டும் இவ்வளவு ஆறியிருக்க வழியில்லை. அந்த இடத்தில் தண்ணீரே போகவில்லை.

"இதப் பாருங்க" என்று ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து ரேஸ் கொடுத்தார். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற ஹோஸ் பைப், ஜூஸ் தீர்ந்த ஸ்ட்ராவை உறிஞ்சினால் சப்பையாகுமே, அப்படிச் சப்பையானது. ரேஸை விட்டதும் உப்பியது. பம்ப் நன்றாகத்தான் இழுக்கிறது, ரேடியேட்டர்தான் விடமாட்டேன் என்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் உள்வாங்குகிறது. மெல்ல ஓட்டினால் இது தெரியாது. வேகத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குழாயும் மூடிக்கொள்கிறது. எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொட்டவேண்டும். தொப்பூர் ஏற்றத்தில் அந்தச் சுமை எவ்வளவு இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

இத்தோடு விட்டிருந்தாலும் நான் சந்தோஷமாகப் போயிருப்பேன். அவர் விடவில்லை. இத்தனை முறை சூடான அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம், கேஸ்கெட் லேசாகப் போயிருக்கலாம், பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றிக் கொடுத்தால் நாளைக்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்றார். உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குழாய் கொண்டுவந்தார், பாதிக்கு நீலத் திரவம். ஆறிய வண்டியின் ரேடியேட்டர் வாயில் அதை வைத்து, ஸ்டார்ட் பண்ணி, மேலே ரப்பர் குமிழால் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி அந்தத் திரவத்தில் விட்டார். இன்ஜின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரோமோதைமால் நீலம்! எங்கள் லேபில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்லி, மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே சரக்கு. "பேரு தெரியாது, சென்னையில இருந்து வாங்கிட்டு வந்தாங்க" என்றார். இரண்டு நிமிஷம் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் பார்த்தார், நாலு சிலிண்டரும் 165-க்கும் 175-க்கும் நடுவில். 22,000 ரூபாய் அந்த நீலத்தில் மிச்சமானது.

பிறகுதான் அப்பாவின் டைரி. டேஷ்போர்டு அறையில் ஆர்சி புக் தேடும்போது கூடவே வந்தது. எல்.ஐ.சி. கொடுத்த சின்ன டைரி, அதில் அப்பாவின் கோழிக்கிறுக்கல்: பெட்ரோல், காற்று, ஆயில். பாய் வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி என்னிடம் காட்டினார். "ரேடி. தண்ணி 1 லி." அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்ததிலும். முதலில் மாதம் ஒரு முறை, கடைசி இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல்.

"எந்தத் தண்ணிம்மா ஊத்துவாரு?"

போர்வெல் தண்ணீர்தான். வாசலில் இருக்கிற குழாயில் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுவார். அவ்வளவு கவனம். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புளோரைடு இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த சொல். என் வயது ஆட்கள் வாயைத் திறந்து சிரித்தால் பல்லின் கறையைப் பார்த்தே தர்மபுரியா கிருஷ்ணகிரியா என்று கேட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013 முதல் காவிரித் தண்ணீர் குடிக்கிறோம். குடிப்பதற்குத்தான் காவிரி. துணி துவைக்க, மாடு கழுவ, ரேடியேட்டருக்கு ஊற்ற, போர்தான். ரேடியேட்டரைக் கெடுப்பது புளோரைடு இல்லை, கூடவே கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதே வேலைதான் உள்ளேயும்.

சரி, ஞாயிறு தவறாமல் ஒரு லிட்டர் எங்கே போனது? அதற்கும் விடை இருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். ஸ்பிரிங் செத்து, ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருக்கிறது. அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூடக் கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடி பிடிக்காவிட்டால் நூறிலேயே கொதித்து ஆவியாகப் போய்விடும். ஆவி போகும், உப்பு உள்ளேயே தங்கும். அப்பா அடுத்த ஞாயிறு இன்னொரு லிட்டர் ஊற்றுவார், அதன் உப்பும் தங்கும். உப்பளத்தில் பாத்தி கட்டுவது போல வாராவாரம் கவனமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். மொத்த நோய்க்கும் மூலம் இருநூறு ரூபாய் பெறாத ஒரு மூடி. டைரியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பாய் அந்த நேரம் பார்த்து டீ சொல்லப் போனார்.

ரேடியேட்டர் பழைய செம்பு-பித்தளை ரகம். பாயே ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கிற தெரிந்தவரிடம் எடுத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். டேங்கை ஈயப்பற்றிலிருந்து சூடுகாட்டிப் பிரித்ததும் உள்ளே பார்க்கச் சொன்னார்கள். சீப்புப் பல் போல வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய் வாய்கள். பாதிக்கு மேல் வெள்ளையும் துருச் சிவப்புமாக அடைத்துக் கிடந்தன. சில வாயில் குண்டூசி நுழையவில்லை. தட்டையான கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து மறுபடி பற்றுவைக்க 1,300 ரூபாய், புதிதாக அலுமினியம் போட்டால் 3,600. பாய் இரண்டையும் சொல்லிவிட்டு, "குத்துனா ரெண்டு வருசம் ஓடும், ஆனா இந்தக் குழாய் சுவரெல்லாம் மெலிஞ்சு போச்சு, எங்கயாச்சும் பொத்துக்கும். தொப்பூர்ல பொத்துக்கிட்டா எனக்குத் திட்டு விழும்" என்றார். புதிதே போட்டோம். குத்திப் பார்த்தபோது விழுந்த வெள்ளைப் பொடியில் ஒரு கைப்பிடி பேப்பரில் மடித்து வாங்கிக்கொண்டேன். ஏன் என்று இருவருமே கேட்கவில்லை.

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற, ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரும் சும்மா இல்லை. கிரானைட் லாரிகளின் புழுதியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைத்துத் தண்ணீர் அடித்தார்கள். வெளியிலிருந்து வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி இருக்கிற வழியும் போய்விடுமாம்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்கும் பாய்க்கும் ஒரு சண்டை. புதிதாக ஒன்று போட்டார், அதில் வாக்குவாதம் இல்லை. போடும் முன் டீக்கடைப் பாத்திரத்தில் வெந்நீர் வாங்கித் தெர்மாமீட்டரோடு அதை உள்ளே தொங்கவிட்டுக் காட்டினார். 82 என்று பொறித்திருந்தது, எண்பதைத் தாண்டியதும் மெல்ல வாய் பிளந்தது. அது இல்லாததால் மெல்ல ஓடும்போதெல்லாம் இன்ஜின் அரைக்குளிரில் ஓடுகிறது, வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் குளிர்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளிவிடுகிறது, அதனால்தான் பன்னிரண்டு மைலேஜ் என்றார். சரி. ஆனால் கூடவே, "தெர்மோஸ்டாட் இல்லாட்டி தண்ணி வேகமா ஓடிரும், ரேடியேட்டர்ல நின்னு ஆற நேரம் இருக்காது, அதான் சூடாகும்" என்றார். இது சரியில்லை பாய் என்றேன். வேகமாக ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் ஆறும், ஆனால் சுற்று அதிகம். மொத்தக் கணக்கில் சூடு அதிகமாகத்தான் வெளியேறும். தாளில் எழுதியே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும் டீச்சரம்மா, ஆனா நாப்பது வருசமா நான் பாத்துட்டிருக்கேன்" என்றார். நான் நாற்பது வருஷம் வண்டி பார்க்கவில்லை. இருந்தாலும் அவர் சொன்னது தப்புதான்.

கடைசியாக, உள்ளே மிச்சமிருந்த சேற்றைப் போகும்வரை அலசி, கூலன்ட் (ரேடியேட்டருக்கான குளிர்விப்புத் திரவம்) ஊற்றினார்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது, கலந்தே வருகிற ரெடிமேட் வாங்கு, இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கல என்று சட்டமாகச் சொன்னார். மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரையும் முழுசாகத் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை ஓடவிட்டார். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் புது ரேடியேட்டரிலும் முள் ஏறுமாம். டைரக்ட் பண்ணிய ஃபேன் ஒயரை அறுத்துப் பழையபடி ஸ்விட்சிலேயே கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. "அடுத்தவன் கெடுத்ததுக்கு எப்படி வாங்கறது" என்று சொன்னது கொஞ்சம் பெருமைக்காகவும் இருக்கலாம்.

செலவு: ரேடியேட்டர் 3,600, தெர்மோஸ்டாட் 480, மூடி 180, மேல் கீழ் ஹோஸ் இரண்டும் கிளிப்போடு 620, கூலன்ட் 900, கூலி 1,800. மொத்தம் 7,580. எண்பதை விட்டுவிட்டு 7,500 வாங்கினார்.

இப்போது அந்த ஒரு ஸ்டார். வியாழக்கிழமை என்று சொன்ன வண்டி திங்கட்கிழமை வந்தது. நடுவில் பதினோரு முறை போன் அடித்திருக்கிறேன், எடுத்தது ஒரு முறை, அதுவும் டீக்கடைக்காரர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போவார், அது தெரிந்ததுதான். ஆனால் மூன்று மணிக்குத் திறக்கிற கடை அன்று ஐந்துக்குத் திறந்தது, நான் புளியம்பழம் உதிர்வதை எண்ணிக்கொண்டு ஸ்பிரிங் சீட்டில் இருந்தேன். பில் என்று கேட்டதற்கு ஆயில் டப்பா அட்டையைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக் கொடுத்தார். பழைய பாகங்களை மட்டும் கேட்காமலேயே சாக்கில் கட்டி டிக்கியில் வைத்திருந்தார், அது நல்ல வழக்கம். ஸ்டீயரிங்கில் கிரீஸ் ரேகை. பெண்கள் போனால் ஒதுங்க இடமில்லை, டீக்கடைக்காரர் வீட்டம்மாதான் கதவு திறந்துவிட்டார். புது மாடல் வண்டி, டீசல் டர்போ, ஏசி கேஸ் எதையும் அவர் தொட மாட்டார். நேராகவே எனக்குத் தெரியாது என்று சொல்லி வேறு இடம் சொல்லிவிடுவார்.

ஆனியில் சேலம் போய் வந்தேன். அதே மத்தியானம், அதே ஏற்றம், ஏசி போட்டுத்தான். முன்னால் சிமென்ட் லாரி. வேண்டுமென்றே ஓவர்டேக் பண்ணாமல் பின்னாலேயே மூன்றாவது கியரில் ஏறினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே, அப்பா காலத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. பாளையம் டோல்கேட்டில் நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகப் போட்டு, தானாக அணைந்தது. அந்தச் சத்தம் கேட்டு எட்டு மாசம் ஆகியிருந்தது. ஒருவேளை எப்போதாவது முள் ஏறினால் என்ன செய்வது என்றும் பாய் சொல்லியிருக்கிறார்: ஏசியை அணை, ஹீட்டரை முழுச் சூட்டில் போடு, அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்து உன் காலில் விடும், ஜன்னலைத் திறந்துகொண்டு ஓரம் கட்டும் இடம்வரை போ. மே மாதத்தில் ஹீட்டர் போட்டால் அம்மா கூட இருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த வெள்ளைப் பொடியை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துப் போனேன். சோதனைக் குழாயில் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டதும் புசுபுசுவென்று நுரைத்தது. வந்த வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டோம், பாலாக மாறியது. கார்பனேட். இது எங்கிருந்து வந்தது சொல்லுங்கள் என்றேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டு வெந்நீர் அண்டாவுல இருந்தா டீச்சர்?" என்றாள்.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். வண்டி எப்போது சூடாகிறது, நிற்கும்போதா ஓடும்போதா என்று நாலு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள், கேட்பார். இன்ஜின் ஆறிய வண்டியாகக் கொண்டுபோனால் அன்றைக்கே அந்த நீலக் குழாயை வைத்துப் பார்த்துவிடுவார். போன் நம்பர் கேட்காதீர்கள், பிரயோஜனம் இல்லை.